பேசாமல் இருந்த குற்றம்: தாமஸ் மோரின் கதை

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்றால், கூட்டத்தில் ஒரு பெரியவர் ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று சொல்லித் தாம்பூலத் தட்டை முன்னே நகர்த்திவிடுவார். அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இதே வாசகம், லத்தீனில், 1535 ஜூலை 1 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஒரு கொலைத்தண்டனை வழக்கில் எதிர்வாதமாக வைக்கப்பட்டது. வைத்தவர் குற்றம் சாட்டப்பட்டவரே. வயது 57. பதினான்கு மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்து, தாடி வளர்ந்து, நிற்கவும் தெம்பில்லாமல் இருந்தவர். மூன்று வருடம் முன்பு வரை இதே மண்டபத்தில் இங்கிலாந்தின் லார்ட் சான்சலராக, அதாவது அரசருக்கு அடுத்த நிலையில் இருந்த நீதித் தலைவராக, அமர்ந்து தீர்ப்புச் சொன்னவர்.

அவர் மீது வைத்த முதல் குற்றச்சாட்டு: ‘அரசர் திருச்சபையின் தலைவர்தானா?’ என்று கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை.

தாமஸ் மோர் சொன்னது இதுதான். ஒருவன் பேசியதற்கும் செய்ததற்கும் சட்டம் தண்டனை தரலாம். பேசாததற்கு எப்படித் தரும்? பேசாதிருப்பவன் சம்மதித்தவனாகவே கருதப்படுவான் என்பது சட்டத்தில் பழைய விதி. என் மௌனத்துக்குப் பொருள் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றால், நான் ஒப்புக்கொண்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் இருந்த ஒருவரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். அந்த மௌனம் சம்மதம் இல்லை என்பது ஐரோப்பா முழுவதுக்கும் தெரியும். அந்த மனிதரைப் பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. காரணம், மோர் மௌனி அல்ல. பேசியே வளர்ந்தவர், எழுதியே பேர் வாங்கியவர். மத எதிரிகளை வசைபாடிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவர். அப்படிப்பட்டவர் ஒற்றை வாக்கியத்தைச் சொல்ல மறுத்து ஏன் செத்தார் என்பதற்கு, ‘மனசாட்சிக்காக’ என்ற ஒரு சொல் போதாது. அந்தச் சொல்லுக்கு அவர் வைத்திருந்த பொருள் வேறு, நாம் வைத்திருக்கும் பொருள் வேறு.

மோர் 1478-ல் லண்டன் மில்க் தெருவில் பிறந்தார். அப்பா ஜான் மோர் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது டியூடர் வம்சம் ஆட்சிக்கு வந்தது. பன்னிரண்டு வயது வாக்கில் கேன்டர்பரி பேராயர் ஜான் மோர்ட்டனின் வீட்டில் பணிவிடைச் சிறுவனாகச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெரிய இடத்துப் பழக்கம் கிடைக்க அது ஒரு வழி. கிறிஸ்துமஸ் நாடகம் நடக்கும்போது சிறுவன் மோர் திடீரென்று நடிகர்களுக்கு நடுவே புகுந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல் தனக்கென்று ஒரு பாத்திரத்தை அங்கேயே உண்டாக்கி நடிப்பானாம். ‘இந்தப் பையன் பெரிய ஆளாக வருவான்’ என்று பேராயர் விருந்தினர்களிடம் சொன்னதாக மோரின் மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார். மாமனாரோடு பதினாறு வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தவர் எழுதியது என்பதால் ரோப்பரின் குறிப்புகளுக்குத் தனி மதிப்பு உண்டு. மருமகன் எழுதியது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு வருடம் படித்த பிறகு, அப்பா பையனைச் சட்டத்துக்கு இழுத்துவந்தார். 1496-ல் லிங்கன்ஸ் இன் என்ற சட்டக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். ஆனால் மனம் துறவறத்தின் பக்கம் சாய்ந்தது. லண்டனின் கார்த்தூசியன் மடத்தை ஒட்டி ஏறத்தாழ நான்கு வருடம் ஜெபமும் தவமுமாக வாழ்ந்தார். கார்த்தூசியர்கள் கத்தோலிக்கத் துறவிகளில் மிகக் கடுமையானவர்கள். அவர்களுடைய வாழ்க்கையின் அச்சாணியே மௌனம். கடைசியில் மோர் துறவியாகவில்லை. கெட்ட குருவாக இருப்பதைவிட நல்ல கணவனாக இருக்கலாம் என்று முடிவெடுத்தார் என்கிறார் நண்பர் எராஸ்மஸ். ஆனால் அந்த வாழ்க்கையின் ஒரு அடையாளத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. உடம்பில் குத்தும் மயிர்ச்சட்டை ஒன்றைப் பட்டு அங்கிக்குள் போட்டுக்கொண்டே நடமாடினார். அது அவருடைய மூத்த மகள் மார்கரெட்டுக்கு மட்டும் தெரியும், துவைத்துக் கொடுத்தவள் அவள். உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் வைத்திருப்பது அவருக்குப் புதிதல்ல.

கல்யாணக் கதை நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். எசெக்ஸில் கோல்ட் என்பவரின் வீட்டில் மூன்று பெண்கள். மோருக்குப் பிடித்தது இரண்டாவது பெண்ணை. அக்காள் இருக்கத் தங்கைக்கு முடித்தால் மூத்தவளுக்கு அது அவமானமாகுமே என்று இரக்கப்பட்டு, மூத்தவள் ஜேனையே கட்டிக்கொண்டார் என்கிறார் ரோப்பர். நான்கு குழந்தைகள். 1511-ல் ஜேன் இறந்துபோனாள். ஒரு மாதத்துக்குள் ஆலிஸ் மிடில்டன் என்ற விதவையை மணந்தார். அவசரம்தான், ஆனால் வீட்டில் நான்கு சின்னப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் பெண்களுக்கும் பையனுக்கு இணையாக லத்தீனும் கிரேக்கமும் கற்றுக் கொடுத்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது அபூர்வம். மார்கரெட் பத்தொன்பது வயது வாக்கில் எராஸ்மஸின் ஜெப நூல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1524-ல் அது அச்சிலும் வந்தது.

எராஸ்மஸ் பற்றி ஒரு வார்த்தை. ராட்டர்டாமைச் சேர்ந்த இந்த அறிஞர் அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய எழுத்தாளர். மோர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் முட்டாள்தனத்தைப் புகழ்வது போலக் குருமாரையும் அறிஞரையும் கிண்டலடிக்கும் நூலை எழுதினார். கிரேக்கத்தில் முட்டாள்தனத்துக்கு ‘மோரியா’ என்று பெயர். நண்பன் பெயரை வைத்து ஒரு சிலேடை.

மோரின் பங்குக்கு 1516-ல் ‘யுடோபியா’ வந்தது. முந்தின வருடம் கம்பளி வியாபாரப் பேச்சுவார்த்தைக்காக ஃப்ளாண்டர்ஸுக்குத் தூது போனவர், பேச்சு இழுத்துக்கொண்டே போனதால் கிடைத்த ஓய்வில் எழுதத் தொடங்கியது. ரஃபேல் என்ற மாலுமி தான் கண்ட தீவு ஒன்றைப் பற்றிச் சொல்வதாகக் கதை. அந்த மாலுமி வீடு திரும்பும் வழியில் தப்ரபேனுக்கு, அதாவது இலங்கைக்கு, வந்து, அங்கிருந்து கோழிக்கோடு போய், போர்த்துகீசியக் கப்பலைப் பிடிக்கிறான். வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்து பதினெட்டே வருடம் ஆகியிருந்தது. அன்றைய செய்தித்தாள் சமாச்சாரத்தை மோர் கதைக்குள் வைத்துவிட்டார்.

யுடோபியாவில் தனிச்சொத்து இல்லை. எல்லோரும் நாளுக்கு ஆறு மணி நேரம் வேலை செய்தால் போதும். தங்கத்தில் சிறுநீர்க் கலயமும் அடிமைகளுக்கு விலங்கும் செய்கிறார்கள். அதனால் யாருக்கும் தங்கத்தின் மேல் ஆசை வருவதில்லை. வழக்கறிஞர்களே கிடையாது, ஒரு வழக்கறிஞர் எழுதியது இது. மத விஷயத்தில் ஒருவரை ஒருவர் வற்புறுத்தக் கூடாது. ஆன்மா உடம்போடு அழிந்துவிடும் என்பவனுக்குப் பதவியும் மரியாதையும் கிடைக்காது, ஆனால் அதற்காக அவனைத் தண்டிப்பதும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவைப் பற்றிய இரண்டாம் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முதல் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. அதில் இங்கிலாந்து அப்பட்டமாக இருக்கிறது. கம்பளிக்கு விலை ஏறியதால் நிலக்கிழார்கள் விளைநிலத்தை வேலி போட்டு மேய்ச்சல் காடாக்குகிறார்கள், குடியானவன் துரத்தப்படுகிறான், ‘சாதுவாக இருந்த ஆடுகள் இப்போது மனிதர்களையே தின்கின்றன’ என்கிறான் ரஃபேல். பிழைக்க வழியில்லாமல் திருடுகிறவனைத் தூக்கில் போட்டு என்ன பயன் என்றும் கேட்கிறான். அப்புறம் ஒரு வாதம் நடக்கிறது: இவ்வளவு தெரிந்தவன் ஏன் ஒரு ராஜாவுக்கு ஆலோசகனாகப் போகக் கூடாது? போனால் கெட்டுப்போவேன், இல்லாவிட்டால் பலியாடாவேன் என்கிறான் ரஃபேல். கதைக்குள் இருக்கும் ‘மோர்’ பதில் சொல்கிறார்: காற்றை அடக்க முடியவில்லை என்பதற்காகப் புயலில் கப்பலை விட்டு இறங்கிவிட முடியாது, நல்லதாக்க முடியாததை, கெடுதல் குறைந்ததாகவாவது ஆக்கு.

யார் ஜெயித்தார்கள் என்று புத்தகம் சொல்லவில்லை. எழுதியவர் இரண்டு வருடத்துக்குள் எட்டாம் ஹென்றியின் ஆலோசகராகிவிட்டார்.

பதவிகள் வேகமாக வந்தன. 1521-ல் சர் பட்டமும் கருவூலத் துணைப் பொறுப்பும். 1523-ல் காமன்ஸ் சபையின் சபாநாயகர். அப்போது அரசரிடம் அவர் வைத்த விண்ணப்பம் வரலாற்றில் இடம்பிடித்தது: உறுப்பினர்கள் சபையில் மனதில் பட்டதைப் பயமின்றிப் பேச அனுமதிக்க வேண்டும். நாடாளுமன்றப் பேச்சுரிமை கேட்ட விண்ணப்பங்களில் பதிவாகியிருக்கும் முதல் விண்ணப்பம் இது. பிற்காலத்தில் பேசாத உரிமைக்காகப் போராடப் போகிறவர் முதலில் கேட்டது பேசும் உரிமையை.

அரசருக்கு மோரின் பேச்சு அவ்வளவு பிடித்துப்போயிற்று. ராத்திரியில் கூப்பிட்டு நட்சத்திரம் பார்ப்பார். செல்சியில் இருந்த மோர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பிட வந்துவிடுவார். ஒருநாள் தோட்டத்தில் மோரின் தோளில் கைபோட்டபடி ஒரு மணி நேரம் உலாவிவிட்டுப் போனார். ரோப்பருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமனாரோ, ‘என் தலையைக் கொடுத்தால் பிரான்சில் ஒரு கோட்டை கிடைக்கும் என்றால், இந்தத் தலை போகாமல் இருக்காது’ என்றார். அந்த நட்பில் அவருக்கு மயக்கம் இருந்ததில்லை.

சரி, இனி கசப்பான பகுதி. மோரைப் புகழும் கட்டுரைகள் இதை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடும்.

1517-ல் ஜெர்மனியில் லூத்தர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராகத் தொடங்கிய புயல் இங்கிலாந்துக்குள்ளும் வீசியது. வில்லியம் டிண்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஜெர்மனியில் அச்சடித்து, 1526 முதல் துணி மூட்டைகளுக்குள் ஒளித்து உள்ளே அனுப்பினார். ஆயரின் வேண்டுகோளின்படி மோர் இந்தப் புதிய கொள்கைக்காரர்களுக்கு மறுப்பு எழுதத் தொடங்கினார். டிண்டேலுக்கு எழுதிய பதில்தான் மோர் எழுதியவற்றிலேயே நீளமானது. படிக்கக் களைப்பாக இருக்கும். யுடோபியா எழுதிய கைதானா என்று சந்தேகம் வரும். மறுப்பு நூல் என்ற இந்த வகை பின்னால் நம் மொழிக்கும் வந்தது. தரங்கம்பாடி லுத்தரன்களுக்கு எதிராக வீரமாமுனிவர் ‘பேதகமறுத்தல்’ எழுதியது இதற்கு இருநூறு வருடம் கழித்து.

எழுத்தோடு நிற்கவில்லை. 1529 அக்டோபரில் கர்தினால் வுல்சி வீழ்ந்ததும் மோர் லார்ட் சான்சலர் ஆனார். அவருடைய இரண்டரை வருடப் பதவிக்காலத்தில் ஆறு பேர் மத மாறுபாட்டுக்காக உயிரோடு எரிக்கப்பட்டார்கள். தீர்ப்பளிப்பது திருச்சபை நீதிமன்றம், எரிப்பது அரசாங்கம். திருச்சபையின் கொள்கையை மறுத்தவர்களை, அதாவது பதிதர்களைத் தேடிப் பிடிப்பதிலும் விசாரிப்பதிலும் மோருக்கு நேரடிப் பங்கு இருந்தது. செல்சி வீட்டிலேயே சிலரை அடைத்து வைத்திருந்தார். வீட்டுத் தோட்டத்து மரத்தில் கட்டிவைத்து அடித்தார் என்ற புகாரை 1533-ல் எழுதிய நூலில் திட்டவட்டமாக மறுத்தார். வீட்டில் வேலை செய்த ஒரு சிறுவனையும், கோயிலில் பெண்களிடம் முறைகேடாக நடந்த மனநிலை தவறிய ஒருவரையும் தவிர வேறு யாரையும் அடிக்கச் சொன்னதில்லை என்றார். பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எரித்ததை அவர் மறுக்கவில்லை, வருந்தவும் இல்லை. தன் கல்லறைக்குத் தானே எழுதிக்கொண்ட வாசகத்தில் ‘திருடருக்கும் கொலைகாரருக்கும் பதிதருக்கும் தொல்லையாக இருந்தவன்’ என்று பெருமையோடுதான் குறிப்பிட்டார்.

இத்தனைக்கும் அவருடைய வீட்டுக்குள்ளேயே ஒரு பதிதர் இருந்தார், மருமகன் ரோப்பர்தான். கல்யாணமான புதிதில் லூத்தர் புத்தகங்களைப் படித்து அதே பைத்தியமாக அலைந்தவர். மோர் வாதாடிப் பார்த்துச் சலித்துப் போய், ‘இனி இவனோடு வாதாட மாட்டேன், இவனுக்காக ஜெபிப்பேன்’ என்று மகளிடம் சொல்லிவிட்டார். ரோப்பர் பிறகு திரும்பிவிட்டார். ஊரார் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை கிடைக்கவில்லை.

இதற்கிடையே அரசரின் குடும்பப் பிரச்சினை முற்றியது. ஹென்றியின் மனைவி கேத்தரின் முதலில் அவருடைய அண்ணன் ஆர்தரின் மனைவி. அண்ணன் இறந்த பிறகு போப்பாண்டவரின் விசேஷ அனுமதி வாங்கி ஹென்றி மணந்தார். ஒரு பெண் குழந்தைதான் தங்கியது. ஆண் வாரிசு வேண்டும், ஆன் போலினை மணக்க வேண்டும். அதனால் முதல் கல்யாணமே செல்லாது என்று அறிவிக்கச் சொன்னார். போப்போ கேத்தரினின் அக்காள் மகனான பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பிடியில் இருந்தார். 1527-ல் சார்லஸின் படை ரோமையே சூறையாடியிருந்தது. அனுமதி வரவில்லை. வராவிட்டால் போப்பின் அதிகாரமே இங்கிலாந்தில் வேண்டாம் என்ற முடிவுக்கு அரசர் படிப்படியாக வந்து சேர்ந்தார்.

மோர் சான்சலராகும்போதே அந்தக் கல்யாண விஷயத்தில் தன்னால் உடன்பட முடியாது என்று அரசரிடம் சொல்லியிருந்தார். ‘முதலில் கடவுளைப் பாருங்கள், பிறகு என்னைப் பாருங்கள்’ என்று அரசரும் பெரிய மனதோடு சொன்னார். 1531 மார்ச்சில், கல்யாணம் செல்லாது என்று பல்கலைக்கழகங்கள் கொடுத்த கருத்துகளை நாடாளுமன்றத்தில் முன்வைக்க வேண்டிய கட்டாயம் மோருக்கு வந்தது. ‘உங்கள் கருத்து என்ன?’ என்று பிரபுக்கள் கேட்டார்கள். ‘அதை அரசரிடம் பலமுறை சொல்லிவிட்டேன்’ என்று மட்டும் சொன்னார். மௌனம் அங்கேயே தொடங்கிவிட்டது. 1532 மே 15 அன்று ஆங்கிலேய குருக்கள் சபை அரசருக்குப் பணிந்தது. மறுநாள் மோர் சான்சலர் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துப் பதவி விலகினார். உடல்நலக் குறைவு என்று காரணம் சொன்னார்.

அடுத்த வருடம் ஜூன் 1 அன்று ஆன் போலினின் முடிசூட்டு விழா. புது அங்கி வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆயர்கள் மூவர் இருபது பவுண்டு அனுப்பினார்கள். பணத்தை வாங்கிக்கொண்டார், விழாவுக்குப் போகவில்லை.

1534 ஏப்ரல் 13 அன்று லேம்பெத் அரண்மனைக்கு வந்து சத்தியப்பிரமாணம் செய்யும்படி அழைப்பு வந்தது. ஆன் போலினின் பிள்ளைகளே வாரிசு என்ற சட்டத்தை ஏற்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். வழக்கமாகப் படகுத்துறை வரை கூடவே வரும் மனைவி மக்களை அன்று மோர் வர விடவில்லை. தோட்டத்துக் கதவைத் தானே இழுத்துச் சாத்திவிட்டுப் படகேறினார். கொஞ்ச நேரம் உம்மென்று இருந்தவர் ரோப்பரின் காதில், ‘ஆண்டவருக்கு நன்றி, போரில் ஜெயித்தாயிற்று’ என்றார். ரோப்பருக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

அங்கே மோர் சொன்ன பதிலைக் கவனிக்க வேண்டும். யார் வாரிசு என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்யலாம், அதற்குச் சத்தியம் செய்யத் தயார். ஆனால் பிரமாணத்தில் போப்பின் அதிகாரத்தை மறுக்கும் பகுதியும் சேர்ந்திருக்கிறது, அதற்கு முடியாது. ஏன் முடியாது? சொல்ல மாட்டேன். சத்தியம் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை, என் மனசாட்சி என்னோடு. நான்கு நாளில் அவரை டவர் கோட்டைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

காரணத்தைச் சொல்ல மறுத்ததில் சட்ட நுட்பம் இருந்தது. சத்தியம் செய்யாவிட்டால் ஆயுள் சிறையும் சொத்துப் பறிமுதலும்தான். காரணத்தைச் சொன்னால் அது அரசருக்கு எதிரான பேச்சாகிவிடும். அதே வருடக் கடைசியில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, திருச்சபைக்கு அரசரே தலைவர் என்றது. மற்றது, அரசரின் பட்டங்களை ‘தீய நோக்கோடு’ பேச்சில் மறுப்பதும் ராஜத்துரோகம், அதற்கு மரணம் என்றது. பேசினால் குற்றம், அதுவும் தீய நோக்கோடு பேசினால். மோர் தன் உயிரை அந்த இரண்டு வார்த்தைக்குள் ஒளித்து வைத்தார். உயிர்த்தியாகி ஆக அவர் துடித்ததாக நினைப்பது தப்பு. தப்பிக்க ஒரு வழக்கறிஞருக்குத் தெரிந்த எல்லா வழியையும் பார்த்தார். கடவுள் கூப்பிட்டாரா, அல்லது நான் என் துணிச்சலைப் பெரிதாக நினைத்து முந்திக்கொண்டு ஓடுகிறேனா என்ற பயமும் அவருக்கு இருந்தது.

வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. ஆலிஸ் சிறைக்கு வந்து, ‘செல்சியில் வீடும் புத்தகமும் தோட்டமும் இருக்க, எலிகளோடு இந்த நாற்றத்தில் கிடப்பதற்கு உங்களுக்கு என்ன பைத்தியமா? ஊரில் படித்த ஆயர்களே செய்ததை நீங்களும் செய்தால் என்ன?’ என்று கேட்டார். ‘இந்த வீடும் என் வீட்டைப் போலவே சொர்க்கத்துக்குப் பக்கம்தானே?’ என்றார் மோர். அதற்கு ஆலிஸ் சொன்னது நம் வீட்டு ‘ஆமா, போங்க’வுக்கு நிகரான ஒரு சொல். ஆலிஸைச் சிடுமூஞ்சியாகவே எழுதிவைத்துவிட்டார்கள். கணவரின் சிறைச் சாப்பாட்டுக்கு வாரம் பதினைந்து ஷில்லிங் கட்ட அவர் தன் துணிமணிகளை விற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகள் மார்கரெட்டும் மன்றாடிப் பார்த்தாள். அவளே சத்தியம் செய்துவிட்டிருந்தாள், ‘கடவுளின் சட்டம் இடம் தரும் அளவுக்கு’ என்று ஒரு வால் சேர்த்து.

1535 ஜூன் 3 விசாரணையில் அரசரின் செயலர் தாமஸ் குரோம்வெல் கேட்ட கேள்விதான் இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிக முக்கியமானது. மோரே அதை மகளுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நீர் சான்சலராக இருந்தபோது பதிதர்களை விசாரித்தீரே, ‘போப் திருச்சபையின் தலைவரா இல்லையா, நேராகப் பதில் சொல்’ என்று அவர்களை வற்புறுத்தவில்லையா? அப்படியானால் அரசர் உம்மை நேராகப் பதில் சொல்லச் சொல்வதில் என்ன தவறு?

குரோம்வெல்லின் மேல் யாருக்கும் பெரிய பிரியம் இருக்காது. ஆனால் அடி சரியான இடத்தில் விழுந்தது. மோர் தடுமாறவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்றார். போப்பின் அதிகாரம் கிறிஸ்தவ உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயம். அரசரின் தலைமை இந்த ஒரு நாட்டில் மட்டும் செல்வது, எல்லை தாண்டினால் நேர் எதிராகச் சொல்வார்கள். ஒரு நாட்டுச் சட்டம் மொத்தக் கிறிஸ்தவ உலகுக்கு எதிராக ஒருவனின் மனசாட்சியைக் கட்ட முடியாது. அதை மறுத்தவனை எரித்தார்கள், இதை மறுத்தால் தலை போகிறது, அவ்வளவுதானே வித்தியாசம் என்றார் குரோம்வெல். எரிப்பதும் வெட்டுவதும் அல்ல வித்தியாசம், தலை போவதற்கும் நரகம் போவதற்கும் உள்ள வித்தியாசம் என்றார் மோர்.

மோரின் ‘மனசாட்சி’ எது என்பது இங்கே தெரிகிறது. எனக்குச் சரி என்று படுவதை நம்ப எனக்கு உரிமை உண்டு என்று அவர் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ஆறு பேரின் சாம்பல் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கும். அவருடைய மனசாட்சி தனி ஆளின் சொத்து அல்ல. ஆயிரத்தைந்நூறு வருடத் திருச்சபையின் ஒருமித்த குரலோடு சேர்ந்து நிற்பது. அந்தக் குரலிலிருந்து விலகினவன் பதிதன், ராஜாவாக இருந்தாலும். இன்றைக்கு அவரைக் கருத்துச் சுதந்திரத்தின் முன்னோடி என்று எழுதுகிறவர்கள் அவர் சொன்னதைப் படிக்காமல், தாங்கள் கேட்க விரும்பியதைப் படிக்கிறார்கள். வெறும் மதவெறியர் என்று ஒதுக்குகிறவர்களும், அதே தர்க்கத்தைத் தன் கழுத்து வரை கொண்டுபோன நேர்மையைப் பார்ப்பதில்லை.

மௌனத்தை உடைக்க முடியாததால் சாட்சி தேவைப்பட்டது. ஜூன் 12 அன்று அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் ரிச், இரண்டு உதவியாளர்களோடு மோரின் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய வந்தார். அவர்கள் மூட்டை கட்டும்போது ரிச் பேச்சுக் கொடுத்தார். சட்டம் படித்தவர்களுக்கு ‘அப்படி ஒரு வழக்கு வந்தால்?’ என்று கற்பனை வழக்கு வைத்து வாதாடுவது பொழுதுபோக்கு. நாடாளுமன்றம் என்னை ராஜா என்றால் ஒப்புக்கொள்வீரா? ஒப்புக்கொள்வேன். பதிலுக்கு மோர் கேட்டார்: கடவுள் கடவுளே அல்ல என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டால்? முடியாது. அப்படியானால் நடுவில் ஒன்று என்றார் ரிச்: அரசரே சபையின் தலைவர் என்றால்? இந்தக் கேள்விக்கு மோர் மறுத்துப் பதில் சொன்னதாக ரிச் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தார்.

‘என் ஆபத்தைவிட உம்முடைய பொய்ச்சத்தியத்துக்குத்தான் அதிகம் வருந்துகிறேன்’ என்றார் மோர். அரசரிடமும் ஆலோசகர்களிடமும் இத்தனை நாள் சொல்லாததை, இளமையிலிருந்து நாக்குச் சுத்தமில்லாதவர் என்று நான் அறிந்த இவரிடமா சொல்வேன் என்று கேட்டார். கூட இருந்த இரண்டு உதவியாளர்களும் புத்தகம் கட்டும் மும்முரத்தில் எதுவும் காதில் விழவில்லை என்றார்கள். நீதிபதிகளின் வரிசையில் ஆன் போலினின் அப்பா, சகோதரர், மாமா மூவரும் அமர்ந்திருந்தார்கள், குரோம்வெல்லும் இருந்தார். ஜூரி கால் மணி நேரத்தில் ‘குற்றவாளி’ என்று வந்தது.

புதிய சான்சலர் ஆட்லி அவசரத்தில் நேராகத் தண்டனையை வாசிக்கத் தொடங்கினார். மோர் குறுக்கிட்டார்: ‘நான் சட்டத்தில் இருந்த காலத்தில், தீர்ப்புக்கு முன் கைதிக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது வழக்கம்.’ நடைமுறைப் பிழையைச் சுட்டிக்காட்டிப் பேசும் வாய்ப்பைப் பெற்ற பிறகுதான் மௌனத்தைக் கலைத்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. இந்தச் சட்டம் கடவுளின் சட்டத்துக்கு விரோதம். லண்டன் நகரம் நாடாளுமன்றத்துக்கு எதிராகச் சட்டம் போட முடியாதது போல, இங்கிலாந்து கிறிஸ்தவ உலகத்துக்கு எதிராகச் சட்டம் போட முடியாது. உங்கள் பக்கம் ஒரு ஆயர் என்றால் என் பக்கம் நூறு புனிதர்.

தூக்கிலிட்டு, குடலெடுத்து, நாலாக வெட்டும் தண்டனையை அரசர் தலைவெட்டாகக் குறைத்தார். ஜூலை 5 அன்று கரித்துண்டால் மகளுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார், மயிர்ச்சட்டையையும் அனுப்பினார். மறுநாள் காலை டவர் குன்றில் ஆடும் மேடைப்படியைப் பார்த்துக் காவலரிடம், ‘ஏறும்போது கைகொடும், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். அரசரின் நல்ல ஊழியன், கடவுளுக்கு முதல் ஊழியன் என்ற பொருளில் சில சொற்கள் மட்டும் பேசினார். அதிகம் பேச வேண்டாம் என்று அரசர் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்.

தலையை லண்டன் பாலத்தில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். மார்கரெட் அதை எப்படியோ மீட்டெடுத்தாள். இப்போது கேன்டர்பரி புனித டன்ஸ்டன் கோயிலில் ரோப்பர் குடும்பக் கல்லறையில் இருக்கிறது. ஆன் போலினின் தலை மறு வருடமே போயிற்று, குரோம்வெல்லினுடையது 1540-ல். கத்தோலிக்கத் திருச்சபை மோருக்கு 1935-ல் புனிதர் பட்டம் கொடுத்தது, 2000-ல் அரசியல்வாதிகளின் பாதுகாவலர் ஆக்கியது. மறுபக்கம், தனிச்சொத்து இல்லாத தீவைக் கற்பனை செய்ததற்காக ரஷ்யப் புரட்சிக்காரர்கள் மாஸ்கோவில் தங்கள் முன்னோடிகளின் பெயர்களைப் பொறித்த தூணில் இவர் பெயரையும் வெட்டினார்கள்.

பேச்சைக் குற்றமாக்கிய 1534-ஆம் வருட ராஜத்துரோகச் சட்டம், ஹென்றி இறந்த 1547-லேயே ரத்தாயிற்று. ரத்தானபோது லார்ட் சான்சலர் நாற்காலியில் இருந்தவர் ரிச்சர்ட் ரிச்.